முகமூடிக்குள் போன அப்பா

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எந்தத் தாயும் பதறத்தான் செய்வாள். அதிலும் பேசுகிற டீச்சர் எடுத்த எடுப்பில் "பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்.

பெனிஷா பயந்துதான் போனாள். துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் பில் அடிக்கிற வேலை அவளுக்கு. பாதி அடித்த பில்லை அப்படியே திரையில் விட்டுவிட்டு ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.

"அனுஜாவுக்கு ஒண்ணுமில்ல மேடம். அடி பூரா கிறிஸ்மஸ் தாத்தாவுக்குத்தான். நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள் டீச்சர்.

இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வருகிறவர்களுக்குப் பெனிஷாவின் கதை தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். போன டிசம்பரில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குக் கிளம்பிய தோணி ஒன்று நடுக்கடலில் மூழ்கியது. ஆறு பேரில் ஐந்து பேரை ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு வந்தது. வராத ஆறாவது ஆள் ஜெஸ்டின், பெனிஷாவின் புருஷன். வருகிற திங்கட்கிழமையோடு ஒரு வருடம்.

அவன் செத்துவிட்டான் என்று ஊர் சொல்கிறது. அவனைப் பெற்ற அப்பாவே சொல்கிறார். பெனிஷா மட்டும் இன்னும் சொல்லவில்லை. மூணே முக்கால் வயசு மகளிடம், "அப்பா கப்பல்ல இருக்காவ, கிறிஸ்மஸுக்கு வருவாவ" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பிப்ரவரி மாதத்தில் அதைச் சொன்னபோது கிறிஸ்துமஸ் எங்கேயோ கிடந்தது. இப்போது வாசலுக்கு வந்துவிட்டது.

எல்.கே.ஜி. வகுப்பறை முழுக்கக் கலர் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தன. ஒரு பையனுக்கு ஆயா நிக்கர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். விழா என்று பெயர்.

வராந்தாவில் வேன் டிரைவர் செல்லப்பாண்டி சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகமூடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்திலேயே தொப்பை உள்ளவன் அவன் ஒருத்தன்தான் என்பதால் வேஷம் அவன் தலையில் விழுந்திருந்தது.

"யக்கா, நான் சாக்லேட்டுதான் குடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணல. முகமூடியக் கழட்டிக் காட்டலாம்னு பாத்தா, பிள்ளைக முன்னாடி கழட்டக் கூடாதுன்னு பெரிய மேடம் சொல்லியிருந்தாவ" என்றான்.

டீச்சர் இசக்கிசெல்வி பெனிஷாவைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"இந்த வயசுல பாதிப் பிள்ளைக இதுக்குப் பயப்படத்தான் செய்யும் மேடம். உருவம் மனுசன் மாதிரி இருக்கு, மூஞ்சி மட்டும் அசைய மாட்டேங்குது. சிரிச்சது சிரிச்சபடியே நிக்குது. அதுகளுக்கு அது புரியாது. ஓடும், அழும், ஒண்ணுக்குப் போயிரும். எட்டு வருசமா பாக்கேன். ஆனா உங்க பிள்ளை ஓடல."

"பின்ன?"

"நடுங்கிக்கிட்டே நேரா அவருகிட்ட வந்தா. வயித்துல குத்துனா. ரெண்டு கையாலயும் குத்திக்கிட்டே இருந்தா. நாங்க மூணு பேரு சேந்து பிரிச்சோம்."

அனுஜா மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வெளியே வந்தாள். அழுத தடம் காய்ந்திருந்தது. வராந்தாவைத் தாண்டும்போது அம்மாவின் சுடிதார் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, செல்லப்பாண்டியின் முகத்தை விட்டுவிட்டு அவன் வயிற்றையே பார்த்தபடி நடந்தாள்.

அந்தப் பார்வையைப் பெனிஷா முன்பும் பார்த்திருக்கிறாள். ஆடி மாதத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருவன் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அனுஜா கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். டாக்டர், ஐந்து வயசானால் தானாகச் சரியாகிவிடும் என்றார். ஆனால் அலறி ஓய்ந்த பிறகும் பிள்ளை அந்தக் கரடியின் வயிற்றை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பெனிஷா டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலையில் காற்று அப்பிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்த மகளின் உச்சந்தலை பெனிஷாவின் தாடையில் இடித்தது. ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

"மக்கா, அந்தத் தாத்தாவ ஏன் அடிச்ச?"

அனுஜா ஹாரன் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஏச மாட்டேன். சொல்லு."

"துப்பட்டும்னு."

"எதத் துப்பட்டும்னு?"

"அப்பாவ."

பெனிஷாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தவேண்டி வந்தது.

"அப்பா அந்த மூஞ்சிய மாட்டுனாங்க," என்றாள் அனுஜா, தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி. "ஓட்டைக்குள்ள அப்பா கண்ணு தெரிஞ்சுச்சு. டாட்டா காட்டுனாங்க. பெறகு அப்பாவக் காணல. அவரு முழுங்கிட்டாரு."

பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. போன வருடம் இதே நாட்களில், தெருவில் பாட்டுப் பாடி வருகிற கூட்டத்துக்கு ஜெஸ்டின்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. தோணி கிளம்புகிற நாளும் அதுவாகவே அமைந்துவிட்டது. "நாலு தெரு ஆடிட்டு, உடுப்பக் குடுத்துட்டு, அப்படியே ஹார்பருக்குப் போயிருதேன்" என்றான். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிவப்புக் காற்சட்டை போட்டான், வயிற்றில் தலையணை கட்டினான், அங்கியை மாட்டினான். கடைசியில் முகமூடி. கட்டிலில் உட்கார்ந்து பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தோடு கையை ஆட்டிவிட்டு வெளியே போனவன் வீட்டுக்கு வரவில்லை.

தாத்தாவுக்குள் அப்பா போனார். திரும்பி வெளியே வரவில்லை. இரண்டே முக்கால் வயசில் ஒரு பிள்ளை இதை வேறு எப்படித்தான் விளங்கிக்கொள்ளும்?

ஒரு வருடமாகத் தன் மகள் வேஷக்காரர்களைக் கண்டு பயப்படுகிறாள் என்று பெனிஷா நினைத்திருந்தாள். பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடு பயமாக அவள் ஒவ்வொருத்தர் வயிற்றிலும் தகப்பனைத் தேடிக்கொண்டும் இருந்திருக்கிறாள். பெனிஷா அந்த உச்சி வெயிலில் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டமாட்டார்கள். கட்டினால் சாவு இல்லை என்று அர்த்தம். பெனிஷா டிசம்பர் ஒன்றாம் தேதியே நாற்காலி போட்டு ஏறிக் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு அவளிடம் வேறு ஏதாவது பேசுவார்கள்.

மாமனார் பர்னபாஸ் ஸ்டாருக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கு குளித்த காலத்தில் ஆழத்தில் ஒரு காது வெடித்துப்போன மனிதர். மற்றக் காதும் ஏறக்குறைய அதே கதிதான். அதனால் அவர் பேசுவது தெருவுக்கே கேட்கும், அவரிடம் பேசுவதும் தெருவுக்கே கேட்கவேண்டும்.

"ஏளா, பிள்ளைக்கு என்னா?"

அனுஜாவை உள்ளே சாப்பிட உட்காரவைத்துவிட்டு வந்து பெனிஷா மெதுவாகச் சொன்னாள். அவர் காதைச் சாய்த்தார். இன்னொரு முறை சொன்னாள்.

"கேக்கல. உரக்கச் சொல்லு."

"கிறிஸ்மஸ் தாத்தா அப்பாவ முழுங்கிட்டாராம், மாமா!"

எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கை அந்தரத்தில் நின்றது. பர்னபாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அது பிள்ளையோட குத்தமில்ல" என்றார் பிறகு. அவரளவில் அது மெதுவான குரல். "அவ பாத்தது ஒண்ணு. நீ சொன்னது ஒண்ணு. ரெண்டையும் சேத்து வச்சி அது ஒரு கணக்குப் போட்டுருக்கு. நீ உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா அழுது முடிச்சிருக்கும்."

"உள்ளது எதுன்னு யாருக்கு மாமா தெரியும்?"

"தேவதாசனுக்குத் தெரியும். தோணிய நடத்துன தண்டல் அவன். ராத்திரி அலை அடிச்சி என் கண் முன்னாலதான் போனான்னு விசாரணையில சொன்னானா இல்லையா? நான் பெத்தவன் கேட்டுக்கிட்டு நிக்கலையா?"

"அந்த ஆளு ஒரு வருசமா நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கல. வேற தெரு வழியா சுத்திப் போறாரு."

"நாலு பேரோட வந்து எம் மவன விட்டுட்டு வந்தவன் எந்த மூஞ்சியோட வருவான்?"

பிறகு பர்னபாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். கோயிலில் பங்குச் சாமியாரிடம் பூசைக்குப் பெயர் கொடுக்கிற சீட்டு. அதில் இரண்டு இடங்கள் உண்டு. நலமாயிருக்க வேண்டுமென்று வைக்கிற பூசைக்கு ஓர் இடம், இறந்தவர்களின் ஆன்மாவுக்கு வைக்கிற பூசைக்கு இன்னோர் இடம். போன ஜனவரியிலிருந்து மாதம் தவறாமல் ஜெஸ்டின் பெயரைப் பெனிஷா முதல் இடத்தில் எழுதிக் கொடுத்து வந்திருக்கிறாள். நலமாகத் திரும்பி வர.

"திங்கக்கிழமை வருசப் பூசை. சாமி நாளைக்குக் கோயில்ல வாசிக்கணும். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பேரு குடுக்கச் சொன்னாரு. எந்த எடத்துல எழுதணும்னு நீ சொல்லு. நீ சொல்லாம நான் எழுத மாட்டேன்."

"சாயங்காலம் சொல்லுதேன் மாமா" என்றாள் பெனிஷா.

மூன்று மணிக்குக் கொழுந்தன் ஆன்றோ வந்தான். பாட்டுக் கூட்டத்தில் டிரம் அடிக்கிறவன். இன்றைக்கு அவர்கள் தெருவுக்குக் கூட்டம் வருகிற நாள்.

"நம்ம வீட்டத் தாண்டிப் போயிரச் சொல்லட்டுமா மைனி?"

பெனிஷாவும் மத்தியானம் முழுக்க அதைத்தான் யோசித்திருந்தாள். ஆனால் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"வரட்டும். ஆனா தாத்தா வேசம் நீ போடு. எங்க வாசல்ல வந்து அவ கண் முன்னால முகமூடியக் கழட்டு. உள்ள இருக்கது சித்தப்பான்னு பாத்துட்டான்னா, உள்ள அப்பா இல்லைன்னு தெரிஞ்சிரும்லா?"

ஆன்றோ தலையைச் சொறிந்தான். காரணம் இருந்தது. அந்தத் தெருக்களில் தாத்தா யார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. வேஷம் போட ஆசைப்படுகிறவர் கோயில் உபதேசியாரிடம் ரகசியமாகச் சொல்லிவைப்பார். அவர் உடுப்புப் பையைக் கொடுத்தனுப்புவார். வீட்டு ஆட்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தாத்தா வாயைத் திறக்கமாட்டார், கடைசியில் கோயிலில் கட்டிய கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால்தான் முகத்தைக் காட்டுவார். அதுவரை எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கும், யாரென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆன்றோ போய்க் கேட்டுவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"பை ஏற்கெனவே போயிருச்சு மைனி. யாருகிட்டன்னு உபதேசியார் சொல்ல மாட்டேங்காரு. பரவால்ல, நம்ம பயலுவள்ல எவனாவதாத்தான் இருக்கும். வாசல்ல வச்சி நான் காதுல சொல்லுதேன். கழட்டிருவான்."

உள்ளேயிருந்து அனுஜா வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"சித்தப்பா, இன்னைக்கு அவரு வருவாரா?"

"வருவாரு மக்கா. பயமாருக்கா?"

"ம்" என்றாள் அனுஜா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரச் சொல்லுங்க" என்றாள்.

ஐந்தேகால் மணிக்குத் தெருமுனையில் டிரம் கேட்டது. வெயில் இன்னும் சுவர்களில் மீதமிருந்தது. பிள்ளைகள் ஓடின, சில பிள்ளைகள் ஓடி வந்து தாய்மாரின் இடுப்பில் ஏறிக்கொண்டன. ஒவ்வொரு வாசலாகப் பாட்டு நின்று, மறுபடி கிளம்பி, நெருங்கி வந்தது.

பெனிஷா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பர்னபாஸ் அவளுக்குப் பின்னால் நின்றார்.

கூட்டம் திரும்பியது. நடுவில் சிவப்பு அங்கி. போன வருடம் ஜெஸ்டின் போட்டுக்கொண்டபோது கக்கத்தில் தையல் விட்டிருந்தது. சிவப்பு நூல் இல்லாமல் பெனிஷா வெள்ளை நூலாலேயே தைத்துவிட்டிருந்தாள். வருகிறவர் கையைத் தூக்கியபோது அந்த வெள்ளைத் தையல் தெரிந்தது.

மூளைக்குத் தெரிந்ததெல்லாம் அவளை விட்டு ஓடிப்போயிற்று. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளும் நம்பினாள். உள்ளே அவன்தான், இத்தனை நாளும் உள்ளேயேதான் இருந்திருக்கிறான் என்று அவளுடைய உடம்பு முழுவதும் நம்பியது.

தாத்தா அவர்கள் வாசலுக்கு வந்து நின்றார். முந்தின வீடு வரை ஆடிக்கொண்டு வந்தவர் இங்கே ஆடவில்லை. ரோஸ் கன்னமும் மாறாத சிரிப்புமாக அந்தப் பிளாஸ்டிக் முகம் பிள்ளையைப் பார்த்தபடி நின்றது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு ஓட்டைகள்.

அனுஜாவின் கை பெனிஷாவின் கையிலிருந்து நழுவியது.

பிள்ளை தனியாக நடந்து போனாள். இரண்டு எட்டு வைத்து நின்றாள். பிறகு இன்னும் இரண்டு எட்டு. சிவப்பு அங்கிக்கு முன்னால் போய் நின்று, தலையணை கட்டிய அந்த வயிற்றில் காதை வைத்தாள்.

"அப்பா, வெளிய வாங்க. நான் அடிக்க மாட்டேன்."

பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஆன்றோ அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னான். தாத்தா வேகமாகத் தலையை ஆட்டினார். ஆன்றோ மறுபடி சொன்னான். அவர் பின்னால் நகர்ந்தார். போக வழியில்லாமல் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது.

"ஏலே, கழட்டுலே. பிள்ளைக்காவத்தான சொல்லுதேன்!" ஆன்றோவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள் பெனிஷா. "உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். பிள்ளை பாக்கட்டும்."

தாத்தாவின் கை மேலே போனது. முகமூடி விலகியது.

நரைத்த மீசை. ஐம்பது வயதைத் தாண்டிய முகம். பஞ்சுத் தாடி ஈரத்தில் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. தண்டல் தேவதாசன்.

ஆன்றோவின் கையிலிருந்து ஒரு டிரம் குச்சி கீழே விழுந்தது. பர்னபாஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அனுஜா மட்டும் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவருடைய வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பின்னால் சுற்றிப் போயும் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"உள்ள அப்பா இல்ல."

"இல்ல மக்கா."

"அப்பா எங்க?"

தெரு முழுக்கப் பெனிஷாவைப் பார்த்தது. இப்போதும் கப்பலில் என்று சொல்லலாம். பத்து மாதமாகச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே வரும். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தப் பிள்ளை நாளைக்கு இன்னொரு வயிற்றில் காதை வைக்கும். பெனிஷா தரையில் முட்டி போட்டு மகளின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கப்பல்ல இல்ல. அம்மா பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு வேசத்தக் கழட்டிட்டு அப்பா தோணிக்குப் போனாவ. தோணி முங்கிருச்சு. அப்பா செத்துப்போயிட்டாவ, மக்கா."

அந்த வார்த்தையை அவள் அன்றுவரை தனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது அது அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

"தாத்தா முழுங்கலையா?"

"முழுங்கல."

"இனி வர மாட்டாங்களா?"

"வர மாட்டாவ."

அனுஜா முகம் கோணி, கொஞ்சம் கொஞ்சமாக அழத் தொடங்கினாள். அலறலாக வரவில்லை. பொம்மை உடைந்தால் பிள்ளைகள் அழுகிற சாதாரண அழுகை. பெனிஷா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த அழுகையைக் கேட்க அவளுக்கு உயிர் போனது, கூடவே ஏதோ ஒரு பாரமும் இறங்கியது.

பர்னபாஸுக்கு அரைக் காதுதான். ஆனால் இந்த வார்த்தை அவருக்கும் கேட்டிருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சீட்டு இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கோயிலைப் பார்த்து நடந்தார். இரண்டாவது இடத்தில் மகன் பெயரை எழுதப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆன்றோ குச்சியை எடுத்துக்கொண்டு பையன்களுக்குத் தலையசைத்தான். கூட்டம் தாத்தா இல்லாமலே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. பாட்டு சுதி இறங்கிக் கேட்டது.

தேவதாசன் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பு அங்கிக்குள் அவருடைய தோள் குலுங்கியது.

"மூஞ்சியக் காட்டி இந்த வீட்டுக்கு வர எனக்குத் தெம்பில்ல, தாயி. மூடிக்கிட்டாவது பிள்ளைய ஒருதரம் பாத்துட்டுப் போயிரலாம்னுதான் உபதேசியார்ட்ட பைய வாங்குனேன்."

"பாத்துட்டீயல்லா. போங்க" என்றாள் பெனிஷா. கோபம்கூட அவளிடம் மிச்சமில்லை.

"போக முடியல. நீ பிள்ளைகிட்ட இப்பச் சொன்னியே… செத்துப்போயிட்டான்னு. அது என் வாயில இருந்து வந்த வார்த்தை. அத நம்பித்தான் நீ சொன்ன." அவர் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்தார். பஞ்சு பிய்ந்து வந்தது. "நான் பாக்கல தாயி."

"எதப் பாக்கல?"

"அவன் போனத நான் பாக்கல. ராத்திரி எல்லாரும்தான் தண்ணியில விழுந்தோம். சின்னப் படகப் புடிச்சி ஏறினது அஞ்சு பேரு. விடிஞ்சு பாத்தா, தூரத்துல ஒரு பலகையப் புடிச்சிக்கிட்டு ஜெஸ்டின் மிதந்தான். உயிரோட இருந்தான். எங்களப் பாத்துக் கைய ஆட்டுனான்."

பெனிஷா பிள்ளையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"படகுல தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் காத்துல திருப்புனா ஆறு பேரும் போயிருவோம்னு நான்தான் சொன்னேன். மத்தவங்க திருப்பச் சொன்னாங்க. நான் தண்டல், நான் சொன்னதுதான் நடந்துச்சு. மறுநாள் சாயங்காலந்தான் கப்பல் வந்துச்சு. உயிரோட ஒருத்தன விட்டுட்டு வந்தோம்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. ராத்திரியே போயிட்டான்னு சொல்லிட்டேன். கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டேன். மத்த நாலு பேரையும் வாயத் தொறக்க விடல." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதனால அவன யாரும் தேடல, தாயி. ஒரு கப்பலும் தேடல."

அடுத்த தெருவிலிருந்து டிரம் கேட்டது. பெனிஷா வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். காலில் செருப்பில்லை.

"எந்திரிங்க."

"தாயி…"

"எந்திரிங்கங்கேன். மாமா கோயிலுக்குப் போயிட்டாவ. இப்ப எங்கிட்டச் சொன்னத அப்படியே அவியகிட்டச் சொல்லணும், சாமிகிட்டச் சொல்லணும். உரக்கச் சொல்லணும், அவியளுக்குக் காது கேக்காது. நடங்க."

தேவதாசன் எழுந்து, அந்தச் சிவப்பு உடுப்போடேயே முன்னால் நடந்தார். பெனிஷா பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தோளில் கிடந்த அனுஜாவின் அழுகை நின்றிருந்தது. பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா இன்னும் கைய ஆட்டிக்கிட்டே இருக்காங்களா?"

அந்தச் சீட்டில் பெயர் விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பெனிஷா மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தாள்.